புயலுக்கு அடுத்த சீசன்

புயல் அடித்து ஓய்ந்த தீவில் இருக்கும் ஓட்டலுக்குப் போன் போட்டு, "திறந்துட்டீங்களா சார்?" என்று கேட்பதைவிட வீண் வேலை எங்கள் தொழிலில் இல்லை. திறந்துவிட்டோம் என்றுதான் சொல்வார்கள். பாதிக் கூரை போயிருந்தாலும் அதையே சொல்வார்கள். பொய் என்றும் தள்ளிவிட முடியாது. இருபது அறையில் எட்டு நன்றாக இருக்கும். அந்த எட்டை வைத்துத் திறந்திருப்பார்கள். நான் கேட்பது வேறு ஆளிடம், வேறு கேள்வி. மீன் கடைக்கு ஐஸ் வருகிறதா? தக்காளி என்ன விலை? சாயங்காலம் கடைசிப் படகு எத்தனை மணிக்கு? ஐஸ் வருகிறது என்றால் கரண்ட் நிலைத்துவிட்டது. தக்காளி விலை இறங்கியது என்றால் சரக்குக் கப்பல் ஒழுங்காக வருகிறது. கடைசிப் படகு பழைய நேரத்துக்கே கிளம்புகிறது என்றால் ஜெட்டியில் விளக்கும் எரிகிறது, ஆளும் இருக்கிறார். மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால் பார்ட்டியை அனுப்புவேன். அறை எப்படி இருக்கிறது என்பதை அதற்குப் பிறகுதான் விசாரிப்பேன்.

ராஜகீழ்ப்பாக்கத்தில், வேளச்சேரி–தாம்பரம் மெயின் ரோட்டில், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் என் ஆபீஸ். எழும்பூரில் ஒரு கம்பெனியில் ரயில் ரிசர்வேஷன் ஃபாரம் நிரப்பித் தொழில் கற்று, தொண்ணூறுகளில் தனியாக வந்தவன் நான். வந்த புதிதில் ஏரிக்கரை வரை வயலும் காலி மனையும்தான். பிறகு செம்பாக்கத்தோடு சேர்ந்து வளர்ந்து, 2021இல் தாம்பரம் மாநகராட்சிக்குள் போயாயிற்று. என் வாடிக்கையாளர்கள் சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், கேம்ப் ரோட்டுக்காரர்கள். ரயில்வே, விமானப்படை நிலையம், தபால் ஆபீஸ், பேங்க் என்று வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களும் ஓய்வு பெறப் போகிறவர்களும். வருஷத்துக்கு ஒரு தடவை ஊர் பார்க்க வேண்டும், காலையில் காபி நேரத்துக்கு வந்துவிட வேண்டும். மற்றதெல்லாம் அவர்களுக்கு இரண்டாம்பட்சம்.

நான் ஆள் கூட்டிப் போன முதல் தீவு ராமேஸ்வரம். அதைத் தீவு என்றே பலர் நினைப்பதில்லை. 1988இல் ரோட்டுப் பாலம் வந்த பிறகு பஸ் நேராகக் கோயில் வாசலுக்குப் போய்விடுகிறது. கடலைத் தாண்டிய நினைப்பே இருக்காது. தீர்த்தம் ஆடி முடித்த மறுநாள் தனுஷ்கோடி. அந்தக் காலத்தில் முகுந்தராயர் சத்திரத்தோடு தார் ரோடு முடிந்துவிடும். அங்கிருந்து மணலிலும் தண்ணீரிலும் ஓடுகிற பழைய வேன்கள். டயர் புதையாத தடம் எது என்று தெரிந்த டிரைவர்கள், தலைக்கு இவ்வளவு என்று பேசி, உட்கார இடமில்லாமல் அடைத்துக்கொண்டு போவார்கள்.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் அந்த ஊர் போயிற்று. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன 653ஆம் எண் பாசஞ்சரை, உள்ளே இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு அலை கொண்டுபோயிற்று. பாம்பன் பாலத்தின் கர்டர்களில் பெரும்பாலானவை கடலுக்குள் விழுந்தன. அவற்றைத் தேடி எடுத்து மாட்டி, 46 நாளில் பாலத்தில் மறுபடி ரயில் ஓடவைத்தவர் அன்றைக்கு இளம் பொறியாளராக இருந்த ஈ. ஸ்ரீதரன். ஆனால் அந்த ரயில் ராமேஸ்வரத்தோடு நின்றுவிட்டது. தனுஷ்கோடி மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்துவிட்டது. ஒரு காலத்தில் எழும்பூரில் புறப்பட்டு எங்கள் தாம்பரம் வழியாகப் போகும் போட் மெயிலில் ஏறியவர்கள் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பல் ஏறி, தலைமன்னார் போய் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போய்ச் சேர்வார்கள். என் முதல் குரூப்களில் ஒன்றில் வந்த ரயில்வே பெரியவர் ஒருவர் சின்ன வயதில் அப்படிப் போனவர். இடிந்த ஸ்டேஷனைப் பார்த்ததும், டிக்கெட் கவுன்டர் எந்தப் பக்கம், கஸ்டம்ஸ் எந்தப் பக்கம் என்று மணலில் நடந்து நடந்து காட்டினார். கைடு தம்பி தன் பாடத்தை நிறுத்திவிட்டு அவர் பின்னாலேயே போனான். அடுத்த தடவை நாங்கள் போனபோது அவர் சொன்னதெல்லாம் அவன் வாயில் வந்தது, கூடவே கொஞ்சம் மசாலாவும்.

பாலத்துக்கு 46 நாள். தார் ரோடு அரிச்சல்முனை வரை போய்ச் சேர்ந்தது 2017இல். நடுவில் அரை நூற்றாண்டு, அங்கே தங்கிவிட்ட மீனவக் குடும்பங்கள் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்துக்கொண்டு, வருகிறவர்களுக்குச் சங்கும் பாசியும் விற்றுக்கொண்டு இருந்தன. சேதமே காட்சிப் பொருளான ஊர் அது. அங்கே டூரிஸ்ட் வந்து வந்தே ஊர் எழுந்துவிடும் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். தண்ணீரும் கரண்டும் ரோடும் அரசாங்கம் போட்டால்தான் உண்டு. ஆள் வருவதால் நடப்பது டீக்கடையும் வேனும். ரோடு வந்ததும் முதலில் படுத்தது அந்த மணல் வேன் தொழில்தான்.

அந்தமான் எனக்குப் பிழைப்பாகவே ஆனது சுனாமிக்குப் பிறகு. 2004 டிசம்பர் 26க்கு முன் எங்கள் பக்கத்தில் அந்தமான் என்றால் ஒன்று ஜெயில், இல்லாவிட்டால் மூன்று நாள் கப்பலில் வாந்தி. அந்த வருஷம்தான் 'டைம்' பத்திரிகை ஹேவ்லாக் தீவின் ராதாநகர் கடற்கரையை ஆசியாவிலேயே சிறந்தது என்று எழுதியிருந்தது. புக்கிங் சூடு பிடிக்கிற நேரத்தில் சுனாமி. நிகோபார் பக்கம் பட்ட அடியோடு ஒப்பிட்டால் ஹேவ்லாக்குக்கு ஆனது கொஞ்சம். ஆனாலும் மாதக்கணக்கில் அங்கே ஈ ஓட்டினார்கள். மேப்பில் 'அந்தமான் நிகோபார்' என்று ஒரே எழுத்தில் போட்டிருப்பதால், ஒரு தீவில் அடித்த அலை அத்தனை தீவுகளுக்கும் அடித்ததாகக் கணக்கு. அதை மாற்றியது எல்.டி.சி. மத்திய அரசு ஊழியர்கள் சொந்த ஊருக்குப் போகும் சலுகையை அந்தமானுக்கு மாற்றிக்கொள்ளலாம், விமானத்தில் போகலாம் என்று வந்த தளர்வுதான் என் ஆபீஸ் மாடிப்படியில் ஆட்களை ஏற்றியது. டிக்கெட்டை அரசு குறிப்பிட்ட ஏஜென்சிகளில்தான் வாங்க வேண்டும். பாமர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐ.ஆர்.சி.டி.சி. எங்களைப் போன்ற சிறு ஆட்களுக்கு மிஞ்சுவது லேண்ட் பேக்கேஜ்: அறை, கார், படகு, சாப்பாடு. மார்ஜின் அதில்தான்.

அப்போது போர்ட் பிளேயரில் ஒவ்வொரு டிரைவரும் சிப்பிகாட் பக்கம் வண்டியை நிறுத்துவார். நிலநடுக்கத்தில் தரை இறங்கி, வயலெல்லாம் உப்புத் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும். நடுவே பட்ட மரங்கள். "இதெல்லாம் நெல்லு விளைஞ்ச நிலம் சார்" என்பார். எல்லாரும் இறங்கிப் போட்டோ எடுப்பார்கள். அந்த நிலத்துக்காரர் எந்த வீட்டில் இருக்கிறார் என்று கேட்டவரை நான் பார்த்ததில்லை.

புயல் என்றால் 2016தான். அந்த வருஷ டிசம்பரை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். அதில் எனக்கு மட்டும் கூடுதலாக ஒரு தீவு. நவம்பர் 8இல் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஹேவ்லாக் குரூப்பை ரத்து செய்துவிடலாம் என்று ஒரு பேச்சு வந்தது. விமான டிக்கெட் பணம் திரும்ப வராது என்றதும் பேச்சு அடங்கிவிட்டது. ஆளாளுக்குப் புது ரெண்டாயிரம் ரூபாய் நோட்டோடு வந்து இறங்கினார்கள். ஹேவ்லாக்கில் அதற்குச் சில்லறை கிடையாது. இளநீர்க்காரரிடம் நான் ஒரு நோட்டைக் கொடுத்துக் கணக்கு வைத்துவிட்டேன். குரூப் முழுக்கக் குடிக்கும், அவர் கழித்துக்கொண்டே வருவார்.

டிசம்பர் 5 ராத்திரி ஜெயலலிதா காலமான செய்தி. ரிசார்ட்டின் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரே ஒரு டி.வி. எங்கள் பெண்கள் அத்தனை பேரும் அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஊரில் பஸ் ஓடுமா, பிள்ளைகள் பத்திரமா என்று கவலை. வெளியே மழை கனத்துக்கொண்டே இருந்தது. மறுநாள் ராஜாஜி ஹாலிலிருந்து காட்டிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போயிற்று. படகும் நின்றுபோயிற்று. தென்கிழக்கு வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் அந்தமானுக்குப் பக்கத்திலேயே நின்று வலுத்துக்கொண்டிருந்தது. அதற்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை.

தீவில் மாட்டிக்கொள்வது எப்படி என்று கேட்பவர்களுக்கு நான் காற்றையும் மழையையும் சொல்வதில்லை. ஜெனரேட்டர் நேரத்தைச் சொல்வேன். டீசல் அளவு பார்த்து மேனேஜர் சாயங்காலம் கொஞ்ச நேரம் மட்டும் ஓட்டுவார். அந்தச் சத்தம் கேட்டதும் குடிசை குடிசையாக ஆட்கள் சார்ஜரோடு ஓடிவருவார்கள். ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதில் இன்னொன்று, அதில் இன்னொன்று. யார் போன் எது என்று தெரியாமல் போகக் கூடாதென்று செம்பாக்கத்து டீச்சர் அம்மா ஒவ்வொன்றிலும் நூல் கட்டிவிட்டார். சார்ஜ் ஏறினாலும் சிக்னல் கிடையாது. பி.எஸ்.என்.எல். மட்டும் நடுநடுவே ஒரு கோடு காட்டும். அந்த சிம் வைத்திருந்த ஓய்வு பெற்ற தபால்காரர் அந்த நாட்களில் எங்கள் கலெக்டர். "நாங்க நல்லா இருக்கோம், சாப்பாடு இருக்கு" என்று ஆளுக்கு ஒரு வரி. அதற்கு மேல் பேசினால் கையிலிருந்து போனை வாங்கிவிடுவார்.

சாப்பாடு இருந்தது. சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு, திரும்பவும் அதேதான். மாமி ஒருவர் பெட்டியிலிருந்து நார்த்தங்காயும் பருப்புப் பொடியும் எடுத்துக் கூடத்து மேஜையில் வைத்துவிட்டார். வடநாட்டுத் தேனிலவு ஜோடி ஒன்று நார்த்தங்காயைக் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தது; மறுநாள் அதையே கேட்டு வாங்கியது.

தீவிலிருந்த ஓட்டல்களின் குணம் அப்போது தெரிந்தது. நாங்கள் தங்கிய இடத்துக்காரர் கூடுதல் நாட்களுக்கு அறை வாடகை வாங்கவில்லை, சாப்பாட்டுக்கு மட்டும் வாங்கினார். கொஞ்சம் தள்ளி இருந்த இன்னொருவர், அடுத்த புக்கிங்காரர் பணம் கட்டியிருக்கிறார் என்று அறையைக் காலி பண்ணச் சொன்னாராம். அடுத்த புக்கிங்காரர் எந்தப் படகில் வந்து இறங்குவார் என்று ஜெட்டியில் நின்ற ஒருவர் கேட்டார். அத்தனை மழையிலும் எல்லாரும் சிரித்தார்கள்.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட டூரிஸ்டுகள் ஹேவ்லாக்கிலும் நீல் தீவிலும் அகப்பட்டிருந்தோம். கடற்படையின் பித்ரா, பங்காரம், கும்பீர் என்ற கப்பல்கள் வந்தும், அலை தணிகிற வரை ஜெட்டியில் கட்ட முடியாமல் வெளியே காத்து நின்றன. 9ஆம் தேதி ஏற்றிக்கொண்டார்கள். பெட்டியை வைத்துவிட்டு வாருங்கள் என்று சொல்வார்கள் என்று பயந்தோம், சொல்லவில்லை. போர்ட் பிளேயர் வந்து, கிடைத்த விமானங்களில் ஆளைப் பிரித்துப் பிரித்து ஏற்றி ஊர் வந்து சேர்ந்தோம். அதற்குள் அந்தக் காற்றழுத்தத்துக்கு 'வர்தா' என்று பெயர் வைத்தாயிற்று. திங்கட்கிழமை 12ஆம் தேதி அது எங்கள் பின்னாலேயே சென்னைக்கு வந்து கரையேறியது.

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் தெருவில் இருந்த வேப்ப மரம், புங்க மரம் எல்லாம் ஒரே மத்தியானத்தில் விழுந்தன. என் ஆபீஸ் போர்டு எதிர் வீட்டு மொட்டை மாடியில் கிடந்தது. அதன் பிறகு நாள் கணக்கில் கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை, தண்ணீர் லாரிக்குச் சண்டை. "ஹேவ்லாக்லயாவது சாயங்காலம் ஜெனரேட்டர் இருந்துச்சு சார்" என்று டீச்சர் அம்மா என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். சிக்னல் வந்த அன்று எனக்கு வந்த முதல் போன் ஹேவ்லாக்கிலிருந்து. ரிசார்ட் மேனேஜர், வங்காளி, பாதி இந்தி பாதி இங்கிலீஷில்: உங்கள் ஆட்கள் பத்திரமா, வீடு இருக்கிறதா என்று கேட்டார். புக்கிங் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

குடியரசு தின லீவையொட்டி அடுத்த குரூப்பைக் கூட்டிப் போனேன். ஆள் சேர்வது கஷ்டமாகத்தான் இருந்தது. புயலுக்குப் பிந்தைய தீவு எந்த வரிசையில் எழுகிறது என்பதை அந்தத் தடவை நின்று பார்த்தேன். முதலில் எழுவது ஓட்டல். பணம் இருக்கிறது, தச்சரும் பெயின்டரும் அங்கேதான் முதலில் போவார்கள். நாங்கள் போனபோது அறைகளில் பெயின்ட் வாடை போகவில்லை. அடுத்தது மூன்றாம் நம்பர் பஜார். அந்தத் தீவில் ஊர்களுக்கும் கடற்கரைகளுக்கும் நம்பர்தான் புழக்கத்தில் இருக்கும். கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்தவர்களைக் குடியமர்த்திய ஊர்கள். பஜாருக்குப் பிறகு ரோடு. அதற்கும் பிறகு உள்ளே இருக்கும் வீடுகள். ஓட்டலுக்குப் புதுத் தகரம் வந்த கப்பலிலேயே அவர்களுக்கும் தகரம் வந்திருக்கும். ஆனால் தச்சர் இருக்க மாட்டார். அவர் ஓட்டலில் வேலையாக இருப்பார். ரிசார்ட்டில் எங்களுக்குப் பாத்திரம் கழுவிய பெண் ஐந்தாம் நம்பர்க்காரி. அவள் வீட்டுச் சமையல்கட்டு தார்ப்பாய்க்குக் கீழேதான் இருந்தது. விழுந்த பாக்கு மரங்களை அறுத்து அதிலேயே கால் நட்டிருந்தார்கள். பாக்குத்தான் அந்தக் குடும்பங்களுக்குக் கைப்பணம். புதுக் கன்று வைத்துக் காய்க்க ஐந்தாறு வருஷமாவது ஆகும்.

எல்லாவற்றுக்கும் கடைசியில் எழுவது கடல். இதை டூரிஸ்டுக்குப் புரியவைப்பதுதான் பெரும் பாடு. வானம் நீலமாக இருக்கிறது, அலை இல்லை, அப்புறம் ஏன் ஸ்கூபா வேண்டாம் என்கிறீர்கள் என்று கேட்பார்கள். டைவ் கடையில் மாயாபந்தர் பக்கத்துக் கரேன் பையன்கள் வேலை பார்ப்பார்கள். பேச்சு குறைவு, சொன்னால் சரியாக இருக்கும். அன்றைக்கு ஒருவன் தன் கையை நீட்டி, விரல் நுனியை இன்னொரு கையால் தொட்டுக் காட்டினான். கீழே இவ்வளவு தூரம்தான் தெரிகிறது என்று அர்த்தம். எங்கள் ஆட்கள் காசு கட்டியிருந்ததால் சிலர் இறங்கினார்கள். பவளத்தைப் பார்க்கப் போய் கலங்கல் தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அதற்குப் பிறகு புயல் சீசனை ஒட்டி வரும் குரூப்புக்கு நான் டைவிங்கைப் பேக்கேஜில் சேர்ப்பதில்லை. அங்கே போய்த் தண்ணீரைப் பார்த்துக் கட்டிக்கொள்ளட்டும்.

ராதாநகரில் கரை மணலைக் கடல் அள்ளிக்கொண்டு போயிருந்தது. ஓரத்துப் பெருமரங்களின் வேர்கள் ஆள் உயரத்துக்கு வெளியே நின்றன. காலாபத்தர் பக்கம் உடைந்த பவளத் துண்டுகள் குவியல் குவியலாக ஒதுங்கிக் கிடந்தன. புயலுக்குப் பிறகு கூட்டிப் போகிறவர்களுக்கு நான் சொல்கிற முதல் எச்சரிக்கை இதுதான்: பொறுக்காதீர்கள். பவளம் வனவிலங்குச் சட்டத்தில் இருக்கிறது. செத்ததா, உடைந்ததா, தானாக ஒதுங்கியதா என்ற கேள்வியே இல்லை. விமான நிலையத்தில் ஸ்கேனரில் தெரிந்துவிடும். எத்தனை சொன்னாலும் கொலுவுக்கு ஆகுமே என்று புடவை மடிப்பில் வைத்துக்கொண்டு வருபவர் ஒருவர் இருப்பார். பெட்டியைத் திறக்கச் சொல்லி, வரிசையே பார்த்துக்கொண்டிருக்க, அவர் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு விளம்பரப் பலகையைப் படித்துக்கொண்டிருப்பார்.

பேரம் பற்றிச் சொல்லியாக வேண்டும். "புயல் அடிச்ச ஊர்தானே, ரேட்டைக் குறைக்கச் சொல்லுங்க" என்று கேட்காத பார்ட்டி இல்லை. குறைப்பார்கள், உண்மை. மூன்று ராத்திரிக்கு இரண்டு ராத்திரிக் காசு என்பார்கள், படகுத்துறை பிக்கப் இலவசம் என்பார்கள். அறை வாடகையில் நானே இறுக்கிப் பேசுவேன். காலியாகக் கிடக்கும் அறையில் பாதிக் காசு வந்தாலும் முதலாளிக்கு லாபம். ஆட்டோவிலும் இளநீரிலும் மீன் சாப்பாட்டிலும் பேசவிட மாட்டேன். ஆட்டோக்காரர் வண்டிக்கு இ.எம்.ஐ. கட்டுகிறார்; வண்டி நின்ற மாதங்களுக்கும் சேர்த்துக் கட்டுகிறார். இதற்காகக் குரூப்பில் சிலர் என்னைக் கமிஷன் வாங்குகிறான் என்று சந்தேகப்பட்டதும் உண்டு. படட்டும்.

பணம் எங்கே நிற்கிறது என்பது வெளியாட்களுக்குத் தெரிவதில்லை. நீங்கள் என்னிடம் அட்வான்ஸ் கட்டுகிறீர்கள். நான் போர்ட் பிளேயர் ஏஜென்டுக்கு அனுப்புகிறேன். அவர் சீசனுக்கு முன்பே ரிசார்ட்டில் அறைகளை மொத்தமாக பிளாக் பண்ணியிருப்பார். ரிசார்ட்காரர் அதை வாங்கி டீசலுக்கும் சம்பளத்துக்கும் செலவழித்திருப்பார். புயல் வந்து நீங்கள் ரத்து செய்தால், பணம் கையில் இல்லாத ஒருவரிடம்தான் கடைசியில் போய் நிற்கிறீர்கள். துறைமுக உத்தரவால் படகு நின்றால் டிக்கெட் பணம் வரும். விமானத்தை கம்பெனியே ரத்து செய்தால் வரும். அறைக்கு வருவது பெரும்பாலும் கிரெடிட் நோட். ஒரு வருஷத்துக்குள் வந்து தங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு தாள். அந்தத் தாளை மதிக்கிற ஓட்டல் எது, மேனேஜர் மாறிவிட்டார் என்று கை விரிக்கிற ஓட்டல் எது என்று தெரிந்து வைத்திருப்பதற்குத்தான் எங்களுக்குக் காசு. இன்டர்நெட்டில் மலிவாகப் புக் செய்துவிட்டு, புயல் வந்ததும் என் மாடிப்படி ஏறி வருபவர்களுக்கு நான் செய்ய முடிவது அதிகம் இல்லை. டீ வாங்கித் தருவேன்.

இப்போது எல்லாம் வேகம். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலுக்கடியில் கேபிள் போய்ச் சேர்கிற வரை அந்தமானுக்கு இன்டர்நெட் சாட்டிலைட் வழிதான். ஒரு வவுச்சரை மெயிலில் அனுப்பினால் போய்ச் சேர்ந்ததா என்று எஸ்.டி.டி. போட்டுக் கேட்க வேண்டும். இன்று ஜெட்டியை வீடியோ காலில் பார்க்கிறேன். ஹேவ்லாக் 2018 கடைசியில் ஸ்வராஜ் தீவு ஆனது, போர்ட் பிளேயர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. டிக்கெட்டில் புதுப் பெயர், வாயில் பழைய பெயர். அதே வேகத்தில் இன்னொன்றும் வருகிறது. வங்கக் கடலில் ஒரு தாழ்வுப் பகுதி உருவாகும் முன்பே சுழல்கிற மேப் ஒவ்வொரு போனிலும் வந்துவிடும். சென்னைக்கு ரெட் அலர்ட் என்றால் ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தீவுப் பயணத்தையும் ரத்து செய்கிறார்கள். அங்கே அன்றைக்கு நல்ல வெயில் என்று வீடியோ காட்டினாலும், "அது பழைய வீடியோவா இருக்கும் சார்" என்கிறார்கள்.

என் பையன்தான் இப்போது கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிறான். பேசுகிற வேலை மட்டும் இன்னும் என்னிடம். போர்ட் பிளேயரில் நான் பேசுவது காய்கறி மண்டி அண்ணாச்சியிடம். ராமநாதபுரத்துக்காரர், வெற்றிமலை முருகன் கோயிலில் பழக்கமானவர். சென்னைக் கப்பல் எப்போது வரும், எந்தத் தீவுக்கு எத்தனை மூட்டை போனது என்று அவருக்குத் தெரிவதுபோல் எந்த டூரிசம் ஆபீஸுக்கும் தெரியாது. ஒரு தீவுக்கு வெங்காயம் குறைவாகப் போனால் அங்கே ஆள் இல்லை. அதிகமாகப் போனால் ஓட்டல்கள் நிறைந்துவிட்டன. நான் ரேட்டில் இறுக்கிப் பேசிப் பயனில்லை.

கடைசியாக இலங்கை. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் அங்கே கரையேறியது. கண்டி, நுவரெலியா, பதுளைப் பக்கம் மலை சரிந்து, வெள்ளமும் சேர்ந்து அறுநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே ஓய்ந்த பிறகு அந்த மேகம் எங்கள் பக்கம் வந்து நின்று கொட்டியது. சேலையூர்க் குடும்பம் ஒன்று அரையாண்டு லீவுக்குக் கண்டி–நுவரெலியா புக் செய்திருந்தது. ஓட்டல்கள் வழக்கம்போலத் திறந்திருந்தன. கொழும்பு விமானமும் இருந்தது. பணமும் முழுக்கக் கட்டியாயிற்று. ஹட்டன்காரரான என் டிரைவர் தம்பியைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, காலிப் பக்கம், பெந்தோட்டைப் பக்கம் கூட்டியாங்க. ஒரு பிரச்சினையும் இல்ல. மலைக்கு மட்டும் இப்ப வேணாம்."

"ரோடு போயிருச்சா?"

"ரோடு ஒரு பக்கம் இருக்குண்ணே. எஸ்டேட் லயத்து சனம் எல்லாம் ஸ்கூல்ல படுத்திருக்கு. நான் வேன்ல டூரிஸ்ட் ஆளுங்கள ஏத்திக்கிட்டு அந்த வழியா எப்படிண்ணே போறது?"

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். குடும்பத் தலைவர் எதிரே உட்கார்ந்திருந்தார். டீ எஸ்டேட்டில் போட்டோ எடுக்க வேண்டும் என்று மகள் பட்டியல் போட்டு வைத்திருந்தாளாம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தெற்குக் கரைக்கு மாற்றிக் கொடுங்கள் என்றார். நுவரெலியா ஓட்டல் அட்வான்ஸைத் திருப்பவில்லை. மே மாதத்துக்குத் தள்ளிவைக்க ஒப்புக்கொண்டது, எழுத்தில் வாங்கிக்கொண்டேன். டிரைவர் தம்பிக்கு ரத்தான மலைப் பயணத்தின் நாட்கூலியில் பாதியைக் குடும்பத் தலைவரே கொடுக்கச் சொன்னார். நான் கேட்கவில்லை. தெற்கில் ஓடிய நாட்களுக்கு முழுக் கூலி தனி. மே மாதப் பயணத்துக்கு இப்போது குடும்பத் தலைவரின் தம்பி குடும்பமும் சேர்ந்திருக்கிறது. பெரிய வேன் வேண்டும், ஹட்டனில் பேசிக்கொண்டிருக்கிறேன்.